உராய்வு குவாண்டம் சிதைவைத் தடுக்குமா, தாமதப்படுத்துமா?

“சூழலுடன் ஆற்றலைப் பரிமாறும் எந்த அமைப்பிலும் குவாண்டம் சுரங்க விளைவு அடியோடு நின்றுவிடும், ஜோசப்சன் சந்தியில் கண்டது வெறும் வெப்ப இரைச்சலே” என்று சொல்லப்படுவதுண்டு. சுரங்க விளைவு என்பது, ஏறிக் கடக்கப் போதிய ஆற்றல் இல்லாத தடையை ஊடுருவிச் செல்வது; ஜோசப்சன் சந்தி என்பது, மெல்லிய மின்காப்புப் படலத்தால் பிரிக்கப்பட்ட இரு மீக்கடத்திகள். அந்தக் கூற்றின் முதல் பாதி மிகைப்படுத்தல், இரண்டாம் பாதி தவறு.

தற்காலிகமாக நிலைத்திருக்கும் ஒரு நிலை சுரங்க விளைவால் சிதையும் வீதத்தின் அடுக்குக்குறியில் (exponent), உராய்வின் அளவுக்கேற்ப ஒரு தடை கூடுகிறது என்பதுதான் இயற்பியலாளர்கள் கால்டெய்ராவும் லெகெட்டும் 1981-இல் காட்டியது. அடுக்கில் கூடுவதால் வீதம் பன்மடங்கு குறையலாமே தவிர, சுழியாவதில்லை. நடுவே தடை கொண்ட சமச்சீரான இரட்டை ஆற்றல் பள்ளத்தில், சுழி வெப்பநிலையில், வலுவான ஓம் வகை உராய்வு (வேகத்துக்கு நேர்விகிதமானது) ஒரு பள்ளத்திலிருந்து மற்றதற்கான கடத்தலை முற்றாக நிறுத்திவிடும் என்பது உண்மை. அந்த முடிவை இங்கே பொருத்தியதே குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வெப்பநிலை சற்று ஏறினாலோ, அதே சூழல் சிதைவுக்குத் துணைபோகிறது: ஓம் வகை உராய்வில் வீதத்தின் மடக்கை வெப்பநிலையின் வர்க்கத்துக்கேற்ப உயர்கிறது.

இரைச்சல் பற்றிய ஐயம் ஜோசப்சன் சந்தியில் இதைச் சோதித்த இயற்பியலாளர்கள் கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் ஆகியோருக்கும் இருந்தது. பெர்க்லியில் 1985-இல் அவர்கள் சந்தியைக் குளிர்வித்தபோது, சில பத்து மில்லிகெல்வினுக்குக் கீழே தப்பிப்பு வீதம் (சந்தி மின்னழுத்தமற்ற நிலையிலிருந்து வெளியேறும் வீதம்) வெப்பநிலையைச் சாராமல் சமதளமாகியது. பின்னர் காந்தப்புலத்தால் மாறுநிலை மின்னோட்டத்தை (சந்தி மின்தடையின்றிக் கடத்தக்கூடிய உச்ச மின்னோட்டத்தை) குறைத்து, அதே சந்தியைச் செவ்வியல் நடத்தைக்குத் தள்ளிப் பார்த்தபோது அந்தச் சமதளம் மறைந்தது. வெளி இரைச்சல்தான் காரணம் என்றால் அப்போதும் அது நீடித்திருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இவர்கள் மூவருக்கும் அளிக்கப்பட்டது இந்த ஆய்வுகளுக்காகத்தான். அந்தச் சந்தியில் உராய்வு மிகக் குறைவு. மின்தடையை இணையாகச் சேர்த்து உராய்வைக் கூட்டிய பிற்காலச் சோதனைகளில் வீதம், கோட்பாடு சொன்னபடியே, குறைந்தது.