இரண்டே இரண்டு அடி

ஐரோப்பாவின் பழைய நைட் (கவசம் பூண்ட குதிரைவீரன்) கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பார்கள். பாதி உண்மைதான். அரசவையில் விருந்து நடக்கும். முன்பின் தெரியாத ஒருவன் வந்து சவால் விடுவான். ஒருத்தன் காட்டுக்குக் கிளம்புவான். வழியில் ஒரு கோட்டை, அந்தக் கோட்டைக்கென்று ஒரு வினோத வழக்கம், பெயரைச் சொல்லாமல் ஒரு சண்டை. 1605-ல் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டெஸ் 'டான் குயிக்ஸாட்' என்ற கிண்டல் நாவலை எழுதி இதையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டார் என்பது பொதுவான பேச்சு.

எனக்கு அதில் உடன்பாடில்லை. கிண்டல் அதற்கு 400 வருஷம் முன்பே அந்தக் கதைகளுக்குள் இருந்தது.

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் த த்ருவா எழுதிய லான்ஸ்லாட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்கப்போகிறான் என்றே தெரியாமல் ஆர்தர் ராஜா ஒருவனுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். (தசரதன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இங்கேயே வயிற்றைக் கலக்கும்.) அதன் பலன், ராணி கினிவியர் எதிரியிடம் சிக்கிக்கொள்கிறாள். அவள் மேல் ரகசியக் காதல் கொண்ட வீரன் லான்ஸ்லாட். அவளைத் தேடிப் போகும் அவனுக்கு வழியில் குதிரை செத்துவிடுகிறது. அப்போது ஒரு குள்ளன் வண்டி ஓட்டிப்போகிறான். திருடனையும் கொலைகாரனையும் ஏற்றித் தெருத்தெருவாக இழுத்துப்போய் மானத்தை வாங்குகிற வண்டி அது. "ஏறினால் நாளைக்குள் ராணியைப் பற்றித் தெரியும்" என்கிறான் குள்ளன்.

ஏறாதே என்கிறது அறிவு. ஏறு என்கிறது காதல். லான்ஸ்லாட் இரண்டு அடி தயங்கி நடந்துவிட்டு ஏறிவிடுகிறான். பின்னால் வந்த இன்னொரு ஆர்தர் அவை வீரன் கவெய்ன் அதில் ஏறவே மாட்டேன் என்று குதிரையிலேயே போகிறான். அவன் மானத்துக்கு ஒரு குறையும் இல்லை!

அப்புறம் வாளே பாலமாகக் கிடக்கும் ஆறு. கைகால் கவசத்தைக் கழற்றிவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட அந்த விளிம்பில் தவழ்ந்து கடக்கிறான் லான்ஸ்லாட். சண்டையும் போட்டுவிட்டு ராணி முன்னால் போய் நின்றால், அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று பிறகுதான் சொல்கிறாள். அந்த இரண்டு அடிதான்.

முதல் தடவை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். கவிஞரும் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார் என்பது என் கட்சி. ராணி நினைப்பிலேயே போகும் லான்ஸ்லாட்டை ஆற்றுத்துறைக் காவலன் கத்திக் கத்திப் பார்க்கிறான். காதில் விழவில்லை. அடித்துத் தண்ணீரில் தள்ளிய பிறகுதான் இவனுக்குச் சுயநினைவு வருகிறது. இதைச் சிரிக்காமல் எழுத முடியுமா?

1883-ல் காஸ்தோன் பாரி என்ற அறிஞர் இந்தக் கதையை வைத்துத்தான் 'அரசவைக் காதல்' (காதலிக்கு அடிமைபோல் பணிந்து நடக்கும் வீரனின் காதல்) என்ற பெயரைப் பரப்பினார். அதற்குப் பிறகு நிறையப் பேர் இதை ஏதோ காதல் வேதம் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு படிக்கிறார்கள்.

பெயரை மறைத்துச் சண்டை போடும் வழக்கத்தை வைத்து கிரெத்தியான் செய்கிற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு போட்டிக்கு லான்ஸ்லாட் மாற்றுக் கவசத்தில் வருகிறான். எல்லோரையும் அடித்துச் சாய்க்கிறான். யார் இவன் என்று ஊரே கேட்கிறது. ராணிக்குச் சந்தேகம். ஒரு பெண்ணை அனுப்பி, "மோசமாகச் சண்டை போடு" என்று சொல்லச் சொல்கிறாள். அந்த நொடியிலிருந்து மாவீரன் பயந்தாங்கொள்ளி மாதிரி ஓட ஆரம்பிக்கிறான். கூட்டம் கேலி பேசிச் சிரிக்கிறது. இந்தத் தடவை அவன் அரை அடிகூடத் தயங்கவில்லை.