சோபா எங்கே போடலாம் என்று யோசிப்பதற்கு முன்

வீடு வாங்குகிற பலர் முதலில் முன்பணம் கொடுக்கிறார்கள், அப்புறம்தான் வீட்டைப் பார்க்கிறார்கள். "பார்த்துட்டுத்தானே கொடுத்தோம்" என்பீர்கள். ஹாலில் நின்றுகொண்டு சோபா எங்கே போடலாம் என்று யோசித்ததெல்லாம் வீடு பார்த்த கணக்கில் சேராது.

ஏற்கெனவே ஆள் குடியிருந்த வீடு என்றால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். நேராக மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ, அதற்கு நேர் கீழே உள்ள அறையின் கூரையைப் போய்ப் பாருங்கள். பிறகு பாத்ரூம் சுவரின் மறுபக்கம். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, ஒரே ஒரு மூலையில் மட்டும் புது பெயின்ட் பளபளத்தால், அங்கே என்ன இருந்தது என்று கேட்காமல் நகராதீர்கள்.

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை சுவர் உப்புப் பூத்து உதிர்கிறதா? பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம் அது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடவில்லை, அல்லது போட்டது கெட்டுவிட்டது. மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். சந்தேகமாக இருந்தால், இரண்டு கை அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் அது சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

விரிசல் என்றாலே பலர் பயந்து ஓடுகிறார்கள், அது தேவையில்லை. 1 மில்லிமீட்டருக்கும் குறைவான முடி விரிசல் பெரும்பாலும் பூச்சு காயும்போது வருவது. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கிறதா, செங்கல் வரிசையில் படிப்படியாக இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் கட்டடத்தின் ஒரு பகுதி இறங்கியிருக்கலாம். அதே அறையில் கதவும் உராய்ந்தால் சந்தேகம் வலுக்கும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் மேலே பேசாதீர்கள்.

கூரையில் துருக்கறை கோடாகத் தெரிகிறதா, தட்டினால் 'தொம் தொம்' என்கிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு பெயர்க்கிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்த வீடுகள் நிறைய. பூசிய இடம் கொஞ்ச நாளில் மறுபடி பெயரும்.

பாத்ரூமில் தண்ணீர் போகும் துளையை அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ்க்கூரை நனைந்தால் டைல்ஸைப் பெயர்த்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. மின்சாரப் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கிறதா, அதன் சோதனை பட்டனை அழுத்தினால் உடனே விழுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

சொல்லப்பட்ட பரப்பளவை நம்பாமல், சுவருக்குச் சுவர் உள்பக்கமாக நீங்களே டேப் பிடித்து அளங்கள். சுவர் கனம், படிக்கட்டு, பொது வழி எல்லாம் சேர்த்துச் சொல்கிற அளவில் கட்டில் போட முடியாது.

கடன் விஷயத்தில் எல்லோரும் மாதத் தவணையை மட்டுமே பார்க்கிறார்கள். வட்டி 8 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய ஒவ்வொரு 100க்கும் கிட்டத்தட்ட 201 கட்டுவீர்கள். முதல் தவணையில் ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போகும். பாதிக் காலம், அதாவது 10 வருடம் கட்டி முடித்த அன்றும் அசலில் 69 பாக்கி நிற்கும். அதையே 30 வருடமாக நீட்டினால் தவணை குறைவது 12 சதவீதம்தான். ஆனால் வட்டி மட்டும் 101லிருந்து 164 ஆகிவிடும். மாறும் வட்டி என்றால் இன்னொரு கணக்கும் போடுங்கள்: 8 என்பது 10 ஆனால் தவணை 15 சதவீதம் ஏறும். அதையும் கட்ட முடிந்தால்தான் அது உங்கள் சக்திக்குள் உள்ள வீடு.

கடைசியாக ஒப்பந்தம். விற்பவரின் பழைய அடமானம் தீர்ந்ததற்கான ஆதாரம், காலி செய்து தரும் தேதி, வீட்டோடு வரும் பொருட்கள் எல்லாம் எழுத்தில் வரட்டும். கடன் மறுக்கப்பட்டாலோ, சோதனையில் பெரிய பழுது தெரிந்தாலோ முன்பணம் இத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரியும் வேண்டும். "அதெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானே" என்று யாராவது சொன்னால், அந்த வரியை எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.