போடிமெட்டு ஏறுமா இந்தக் கார்?

தானே ஓடும் தானியங்கி கார் வந்தால் மலைப்பாதை விபத்து ஓய்ந்துவிடும் என்கிறது ஒரு கட்டுரை. அதைத் தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் பூப்பாறைக்குப் போகும் மலைச்சாலையில் வைத்துப் பார்க்கலாம். 17 கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் பகலிலேயே மூடுபனி.

இந்தக் காரின் கண்களில் ஒன்று லைடார், அதாவது லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார். பல லைடார்கள் 905 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளக்கின்றன. பனியின் நீர்த்துளிகளே ஒளியைச் சிதறடித்துவிடும். தூரத்தில் வரும் லாரி தெரியாது. 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பனியை ஊடுருவும். ஆனால் சரிந்து கிடக்கும் பாறை? பாலத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் வீணாக பிரேக் விழக்கூடாதென்று, நகராத பொருளின் எதிரொலியைப் பல ரேடார்கள் தள்ளிவிடுகின்றன. கேமராவோ சாலையில் வரைந்த கோடுகளை நம்புகிறது. ஒரு மழைக்காலம் தாண்டினால் கோடு எங்கே இருக்கிறது?

மூன்றாம் நிலை கார், அதாவது சில சூழல்களில் தானே ஓட்டி, தேவைப்பட்டால் மனிதரை அழைக்கும் கார், தன்னால் முடியாதபோது ஸ்டீயரிங்கை நம்மிடம் ஒப்படைக்க 10 விநாடி அவகாசம் தரும். 30 கி.மீ. வேகத்தில் அது 83 மீட்டர். அதற்குள் வளைவே வந்துவிடும்!

வளைவுக்கு அப்பால் எந்த சென்சாரும் பார்க்காது. அங்கே ஹாரன்தான் கண். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி; ஆனால் லோடு லாரி கிளீனரின் கையசைவை எந்த மென்பொருள் படிக்கும்?

ஆகவே விடியலில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் ஓட்டுநர்களுக்கு இப்போதைக்குப் பயமில்லை. பயப்பட வேண்டியவர்கள் கோவையை ஒட்டிய கேரள எல்லையான வாளையாறு வழியாகக் கொச்சிக்கு ஓட்டும் லாரிக்காரர்கள். நேரான நால்வழிச்சாலை, தெளிவான கோடு: இயந்திரம் முதலில் கேட்பது அதைத்தான்.