அது ஒரு பையனின் கல்லறை

நேற்று குழுவில் வந்த அந்த 'மம்மியின் சாபம்' காணொளியைப் பற்றித்தான். பழைய எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையைத் திறந்தவர்களை அவன் சாபம் கொன்றது என்கிற காணொளி. யார் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். "அப்படி ஒரு சாபமே கிடையாது" என்று கீழே ஒரு வரி எழுதினேன். காலையில் பார்த்தால் அதற்கு நாற்பது சிரிப்புப் பொம்மை. சரி, இங்கேயே எழுதுகிறேன்.

துட்டன்காமன் கல்லறை வாசலில் சாபக் கல்வெட்டு எதுவும் இல்லை. 1922 நவம்பர் 4 அன்று கல்லறைக்கு இறங்கும் முதல் படி தட்டுப்பட்டது. 26ஆம் தேதி அகழாய்வு நடத்திய ஹாவர்ட் கார்ட்டர் சுவரில் துளை போட்டு மெழுகுவத்தியை நீட்டிப் பார்த்தார். அதற்குப் பணம் போட்ட கார்னர்வோன் பிரபு அடுத்த ஏப்ரலில் இறந்தார். கொசு கடித்த இடம் சவரம் செய்யும்போது கீறி, புண் சீழ் வைத்து, நிமோனியாவில் முடிந்தது. பென்சிலின் வராத காலம். கல்லறைச் செய்திகளை லண்டன் டைம்ஸுக்கு மட்டும் என்று அவர் விற்றிருந்தார். வெளியே நிறுத்தப்பட்ட மற்ற பத்திரிகைகளுக்குச் சாபக் கதை கட்ட இந்தச் சாவு வசதியாகக் கிடைத்தது. கார்ட்டர் 1939 வரை இருந்தார். அன்று கூடவே இருந்த கார்னர்வோனின் மகள் 1980 வரை இருந்தார். அவர்களை ஏன் விட்டுவிட்டது அந்தச் சாபம்?

"பொழுதுபோக்குக்குப் போட்டதற்கு இவ்வளவு கோபமா?" என்பீர்கள். ஆமாம், கோபம்தான். என் அண்ணன் 19 வயதில் மஞ்சள் காமாலையில் போனான். காரியம்கூட முடியவில்லை, வாசல் வேப்பமரத்தை அப்பா வெட்டியதால் வந்த சாபம் என்று தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து அவ்வளவையும் கேட்டாள். பிள்ளை போன துக்கத்தோடு, புருஷன்தான் காரணமோ என்ற சந்தேகத்தையும் அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

துட்டன்காமனும் கிட்டத்தட்ட அந்த வயதில் செத்தவன்தான். எட்டு, ஒன்பது வயதில் அரியணையில் உட்கார வைத்தார்கள். அவன் உடம்பில் மலேரியாக் கிருமியின் தடம் இருந்ததை 2010இல் மரபணு ஆய்வில் கண்டுபிடித்தார்கள். கல்லறையில் 5,000க்கும் மேல் பொருட்கள். நாமெல்லாம் பத்துக் கிலோ தங்க முகமூடியைத்தான் பார்க்கிறோம். அதே கல்லறையில் கருங்காலியில் செய்த ஒரு சின்ன நாற்காலி இருந்தது, குழந்தை உட்காரும் அளவுக்கு. துணியில் தைத்த கையுறைகள் இருந்தன. பிறக்கும் முன்பே இறந்த இரண்டு சிசுக்களைத் தனித்தனிக் குட்டிப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள், அவன் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அண்ணனின் கட்டம் போட்ட சட்டையும் மூடி உடைந்த பேனாவும் இன்னும் இருக்கின்றன. அம்மா அதை யாரையும் திறக்க விடுவதில்லை.

"3,300 வருடம் ஆச்சு, இனி யாருக்கு வலிக்கப் போகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

"கார்ட்டர் இல்லாவிட்டால் இதெல்லாம் தெரிந்திருக்குமா?" இது நியாயமான கேள்வி. பத்து வருடம் ஒவ்வொரு பொருளாக எண் போட்டு, படம் எடுத்து, குறித்து வைத்த மனிதர் அவர். மறுக்கவில்லை. ஆனால் 1925இல் சவப்பெட்டியைத் திறந்தபோது, அடக்கத்தின்போது ஊற்றிய பிசின் இறுகி, உடம்பு பெட்டியோடு ஒட்டியிருந்தது. முகமூடியையும் நகைகளையும் எடுக்கத் தலையைத் தனியாக, கைகால்களைத் தனியாக வெட்டிப் பிரித்தார்கள். அந்தப் பையனைப் போய் ஆளைக் கொல்லும் பேய் என்கிறீர்கள். அவன் யாரை என்ன செய்தான்? செய்ததெல்லாம் அவனுக்குத்தானே!

வெளிச் சவப்பெட்டியின் நெற்றியில் ஒரு சின்னப் பூவளையம் கிடந்தது. காய்ந்து போயிருந்தும் லேசாக நிறம் மிச்சமிருந்ததாம். அவ்வளவு தங்கத்துக்கு நடுவில் அந்தப் பூக்களைப் போல அழகானது எதுவும் இல்லை என்று கார்ட்டரே எழுதியிருக்கிறார். இளம் மனைவி கடைசியாக வைத்தது என்று நினைத்துக்கொள்ள அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அப்படித்தான்.

அந்தக் காணொளியை யாரும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம். போட்டவர் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.