ஆணி அடித்த இடம்

ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று பேச்சு வந்தாலே நமக்கு ஒரு பாடப்புத்தக வரி ஞாபகம் வரும். 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. ஐந்து மதிப்பெண் விடைக்கு இது போதும். ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் நிற்காது. கிரேக்க அறிஞர் மானுவேல் கிரிசோலோராஸ் இத்தாலியின் ஃபுளோரன்சுக்கு வந்து கிரேக்கம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது 1397. மசாச்சோ ‘திரித்துவம்’ ஓவியத்தை வரைந்தது 1427 வாக்கில். ஓவியக் கலைக்கு ஆல்பெர்த்தி இலக்கணம் எழுதியது 1435. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை புரூனெல்லெஸ்கி முடித்தது 1436. எல்லாமே கான்ஸ்டான்டிநோபிள் விழுவதற்கு முன்னால். பிறகு வந்த ஏடுகள் எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றின, அவ்வளவுதான்.

இன்னொரு வரியும் உண்டு, அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது: “கடவுளை விட்டுவிட்டு மனிதனைப் பிடித்துக்கொண்ட காலம்.” மேடையிலும் எழுத்திலும் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் காலத்தின் எண்ணம் என்ன என்று தெரிய வேண்டுமானால் தத்துவ நூல்களுக்குப் போவதற்கு முன் ஒரு சுவருக்குப் போகலாம். ஃபுளோரன்சில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் இடப்பக்கச் சுவர். அதில்தான் மசாச்சோவின் திரித்துவம் இருக்கிறது. உயரம் ஆறரை மீட்டருக்கு மேல், அகலம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். வரைந்த ஓரிரு ஆண்டில், 1428-இல், மசாச்சோ இறந்துபோனார். வயது 26.

சிலுவையில் இயேசு. பின்னால் நின்று சிலுவையைத் தாங்கும் பிதா. இருவருக்கும் நடுவே புறாவாகப் பரிசுத்த ஆவி. இருபுறமும் மரியாளும் யோவானும். இவர்கள் இருப்பது சதுரக் கட்டங்கள் பதித்த வளைகூரையின் கீழ் ஓர் அறையில். அறைக்கு வெளியே, நம் பக்கத்தில், படத்துக்குப் பணம் கொடுத்த தம்பதி மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே ஒரு கல்லறை, அதன்மேல் எலும்புக்கூடு, அதற்கு மேல் ஒரு வாசகம்: நீ இப்போது இருப்பதுபோல் நான் ஒருகாலத்தில் இருந்தேன், நான் இப்போது இருப்பதுபோல் நீயும் ஆவாய்.

இதில் கடவுளை எங்கே விட்டார்கள்? இருப்பது முழுக்க முழுக்கப் பக்திப் படம். புதிது வேறொன்று. அந்த அறையை அளந்து கட்டியிருக்கிறார்கள். சிலுவையின் அடிக்குச் சற்றுக் கீழே மசாச்சோ ஓர் ஆணி அடித்தார். அதிலிருந்து நூல் பிடித்து ஈரச் சாந்தில் அழுத்திக் கோடுகள் போட்டார். அந்தத் தடங்கள் இன்றும் தெரிகின்றன. கூரையின் கட்டக்கோடுகள் எல்லாம் ஓடிப்போய்ச் சேர்வது அந்த ஆணி அடித்த இடத்தில். அந்த இடம் தேவாலயத் தரையில் நிற்கும் சராசரி மனிதரின் கண்மட்டம். அதனால்தான் கூரையைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம், கல்லறையை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். படம் பார்ப்பவருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. “நீ இங்கே நிற்கிறாய், இத்தனை தூரத்தில், இந்த உயரத்தில். இங்கிருந்து உலகம் இப்படித்தான் தெரியும்.” அந்தக் காலத்தின் எண்ணம் இதுதான் என்பது என் கட்சி. எதைப் பார்த்தாலும் எங்கிருந்து பார்க்கிறோம் என்று கேட்டு, அந்தத் தூரத்தையும் கணக்கில் எடுப்பது.

ஆல்பெர்த்தி இதற்குச் சொன்ன முறையை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். அவர் அளவை பிராச்சோ என்னும் கை அளவு, ஃபுளோரன்சில் சுமார் 58 செ.மீ. ஓர் ஆளின் உயரம் மூன்று பிராச்சோ என்று வைத்துக்கொள்கிறார். தாளில் ஒரு பிராச்சோவுக்கு 2 செ.மீ. எடுப்போம். அடிக்கோடு 18 செ.மீ., அதை 2 செ.மீ. வீதம் ஒன்பதாகப் பிரியுங்கள். அடிக்கோட்டுக்கு 6 செ.மீ. மேலே நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் கண்மட்டம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தால் தரை உள்நோக்கி ஓடுவது கிடைத்துவிடும். இதுவரை எளிது.

சிக்கல் குறுக்குக் கோடுகளில். தரையில் பதித்த ஓடுகள் தூரம் போகப்போகக் குறுகித் தெரியும். எவ்வளவு குறுகும்? அன்றைய ஓவியர்கள் சிலர் ஒவ்வொரு வரிசையையும் முந்தியதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போனார்கள். இது பிழை என்று ஆல்பெர்த்தி பெயர் குறிப்பிடாமல் கண்டிக்கிறார். அவருடைய வழி வேறு. பக்கத்தில் தனியாக ஒரு கோடு போட்டு அதையும் 2 செ.மீ. வீதம் பிரிக்க வேண்டும். ஒரு முனையில் 6 செ.மீ. உயரத்தில் கண்ணை வைக்க வேண்டும். பார்ப்பவர் படத்திலிருந்து எட்டுப் பிராச்சோ தள்ளி நிற்கிறார் என்றால் கண்ணிலிருந்து 16 செ.மீ. தள்ளி ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு அப்பாலுள்ள பிரிவுகளிலிருந்து கண்ணுக்குக் கோடு இழுத்தால், அவை செங்குத்தை எங்கெங்கே வெட்டுகின்றனவோ அந்தந்த உயரத்தில் படத்தில் குறுக்குக் கோடு வரும்.

கணக்கு போட்டால் முதல் வரிசை 0.67 செ.மீ. உயரத்தில், இரண்டாவது 1.2, மூன்றாவது 1.64, நான்காவது சரியாக 2 செ.மீ. குறைகிற விகிதம் ஒவ்வொரு வரிசைக்கும் மாறுகிறது. மூன்றில் இரண்டு என்று நிலையாகக் குறைத்தால் என்ன ஆகும்? 0.67-இல் தொடங்கி எத்தனை ஆயிரம் வரிசை போட்டாலும் மொத்தம் 2 செ.மீ.யைத் தாண்டாது. கண்மட்டம் 6 செ.மீ.யில் இருக்க, தரை 2 செ.மீ.யிலேயே மூச்சு நின்றுபோகும். உண்மையான தரையோ தொடுவானம்வரை ஏறும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஆல்பெர்த்தி ஒரு வழி சொல்கிறார். ஓர் ஓட்டின் மூலைவிட்டத்தை அளவுகோல் வைத்து நீட்டுங்கள். அது அடுத்தடுத்த வரிசை ஓடுகளின் மூலைகள் வழியாக ஒரே நேர்கோட்டில் போக வேண்டும். தவறான தரையில் அந்தக் கோடு வளைந்துவிடும்.

இந்தக் கணக்கின் உள்ளே இருப்பது என்ன? 18-க்கு 6 என்றால் 2-க்கு எவ்வளவு? மூன்று எண் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கிற கணக்கு. துணி வியாபாரியும் வட்டிக் கடைக்காரரும் நாள் முழுதும் போட்ட அதே கணக்கு. 1338 வாக்கில் ஃபுளோரன்சில் ஆறு கணக்குப் பள்ளிகளில் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு சிறுவர்கள் படித்தார்கள் என்று அந்நகரத்து வரலாற்றை எழுதிய ஜொவான்னி வில்லானி குறித்துவைத்திருக்கிறார். அவர்கள் படித்தது இந்திய எண்களை வைத்துத்தான். அந்த எண்களை அரபு நாடுகளில் கற்றுவந்து 1202-இல் இத்தாலியருக்கு நூலாக எழுதிக் கொடுத்தவர் பீசா நகர ஃபிபொனாச்சி. அந்தச் சரக்கு கையில் இருந்ததால்தான் ஓர் ஊரே விகிதத்தில் யோசித்தது. ஓவியர் பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வணிகக் கணக்குக்கு ஒரு நூல், ஓவியத்தில் தூரத் தோற்றத்துக்கு ஒரு நூல் என இரண்டும் எழுதியது தற்செயல் ஆகுமா?

கணக்கு மட்டும் போதாது, ஒளி கண்ணுக்கு எப்படி வருகிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் கடன்பட்டது பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதமுக்கு. பதினோராம் நூற்றாண்டில் அவர் எழுதிய ஒளியியல் லத்தீனில் மொழிபெயர்ந்து ஐரோப்பாவில் புழங்கியது. சிற்பி கிபெர்த்தி தன் குறிப்புகளில் அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டார். “ஐரோப்பா தன் பழைய கிரேக்கத்தைத் தானே மீட்டது” என்று சொல்கிறவர்கள் இந்தப் பெயரை விட்டுவிடுவது எனக்கு ஆறவில்லை.

சுவரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃப்ரெஸ்கோ என்பது ஈரச் சுண்ணாம்பில் வரைவது. முதலில் கரடான அடிப்பூச்சு. அதன்மேல் காவிக் கல்லால் முழுப் படத்தின் கோட்டுரு. பிறகு அன்றன்று வரைந்து முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் மெல்லிய மேல்பூச்சு. சாந்துக்கு இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு சுண்ணாம்பு என்கிறார் ஓவியர்களுக்குக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி. ஈரம் இருக்கும்போதே தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி மீண்டும் கல்லாகும்போது நிறமும் அதற்குள் சிறைப்படும். காய்ந்தபின் தீட்டினால் பசை சேர்த்துத்தான் ஒட்ட வேண்டும், காலப்போக்கில் அது பொரிந்து உதிரும். நீல நிறங்களைப் பெரும்பாலும் காய்ந்தபின்தான் வைத்தார்கள். பழைய சுவர்களில் வானமும் மரியாளின் மேலாடையும் கறுத்தும் உதிர்ந்தும் கிடப்பது அதனால்தான்.

நீலம் என்றதும் காசு ஞாபகம் வருகிறது. நல்ல நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைக் கல்லில் இருந்து வந்தது. கல்லை அரைத்தால் மட்டும் நீலம் வராது, சாம்பல்தான் வரும். ஒரு பவுண்டு கல்தூளுக்கு ஆறு அவுன்ஸ் பைன் பிசின், மூன்று அவுன்ஸ் மாஸ்டிக் பிசின், மூன்று அவுன்ஸ் புது மெழுகு சேர்த்து உருண்டையாக்கிக் குறைந்தது மூன்று நாள் வைத்துப் பிசைய வேண்டும். பிறகு சாம்பல் காரநீரில் போட்டு அழுத்தினால் நீலம் மட்டும் நீரில் இறங்கும், மற்ற அழுக்கு உருண்டையிலேயே நின்றுவிடும். முதல் அழுத்தில் வருவது உயர்ந்த நீலம், கடைசியில் வருவது வெளிறல். 1485-இல் ஓவியர் கிர்லாந்தாயோ ஃபுளோரன்ஸ் அனாதைக் குழந்தைகள் விடுதிக்கு வரைந்து கொடுக்க எழுதிய ஒப்பந்தத்தில் நீலத்தின் இந்தத் தரம் அப்படியே வருகிறது. மொத்தம் 115 ஃபுளோரின் என்னும் பொற்காசு, மாதம் மூன்று வீதம். முப்பது மாதத்தில் முடிக்க வேண்டும், தவறினால் 15 ஃபுளோரின் அபராதம். நீலம் அவுன்ஸ் நான்கு ஃபுளோரின் தரத்தில் இருக்க வேண்டும். படம் அவர் கையாலேயே வரைந்ததாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நிறுத்திப் படியுங்கள். கல்லின் விலையோடு கையின் விலையும் ஏட்டில் ஏறிவிட்டது. ‘மனிதனின் மேன்மை’ பற்றிப் பீக்கோ டெல்லா மிராந்தொலா தன் புகழ்பெற்ற உரையை எழுதியது மறு ஆண்டு, 1486.

அறிஞர்கள் பக்கம் வந்தால் பீக்கோவைவிட லொரென்சோ வல்லாவைத்தான் நான் முன்னால் நிறுத்துவேன். மேற்கு ரோமப் பேரரசையே பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் பல நூறு ஆண்டுகளாக நடமாடியது. 1440-இல் வல்லா அதைச் சொல் சொல்லாகப் பிரித்தார். ரோம அதிகாரிகளோடு ‘சத்ரப்’ என்ற பாரசீகப் பதவிப் பெயர் எப்படி வந்தது? கான்ஸ்டான்டிநோபிள் நகரமே எழும்பாத காலத்துச் சாசனத்தில் அங்கே ஒரு மதத் தலைமைப் பீடம் எப்படி வந்தது? அன்றைய அரசர்கள் தலையில் கட்டிய பட்டம் துணியால் ஆனது, சாசனம் எழுதியவன் அதைப் பொன் கிரீடம் என்று நினைத்துவிட்டானே? இது மசாச்சோவின் நூல் பிடிக்கிற வேலையேதான். எந்தச் சொல் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று தூரம் அளக்கிறார். தூரம் பொருந்தாத சொல் ஆவணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்போது போப்போடு பகையிலிருந்த நேப்பிள்ஸ் அரசரிடம் அவர் வேலை பார்த்தார் என்பது உண்மை. அதனால் வாதம் பலவீனமாகிவிடாது. சில ஆண்டுகளில் போப் ஐந்தாம் நிக்கோலஸ் இதே வல்லாவை அழைத்து வேலை கொடுத்தார் என்பதும் உண்மை.

லியொனார்தோ டா வின்சியைச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள். மிலானில் ‘கடைசி இராவுணவு’, 1495 முதல் 1498 வரை. அங்கும் இயேசுவின் நெற்றிப் பக்கத்தில் ஆணித் துளை இருக்கிறது. ஆனால் ஈரச் சாந்து அவசரக்காரன், ஒரு நாளுக்குமேல் காத்திருக்காது. நாள்கணக்கில் நின்று யோசித்துத் திருத்த வேண்டும் என்பதற்காக லியொனார்தோ காய்ந்த சுவரில் வெண்பூச்சு பூசி, முட்டையும் எண்ணெயும் சேர்ந்த நிறத்தில் வரைந்தார். சுவரின் ஈரம் பின்னாலிருந்து நிறத்தைத் தள்ளியது. இருபது ஆண்டுக்குள் படம் உதிரத் தொடங்கியதை 1517-இல் பார்த்தவர் எழுதியிருக்கிறார். கடைசிப் பழுதுபார்ப்பு மட்டும் 1978 முதல் 1999 வரை நடந்தது.

மீண்டும் மசாச்சோவின் சுவருக்கு வருகிறேன். திரித்துவத்தின் நல்ல அச்சுப்படம் கிடைத்தால் அளவுகோல் எடுத்துக் கூரைக் கோடுகளை நீட்டிப் பாருங்கள், ஆணி அடித்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு பிதாவை மட்டும் தனியாகப் பாருங்கள். அவ்வளவு கீழிருந்து பார்க்கிற நமக்கு அவர் முகம் அண்ணாந்து பார்த்தாற்போலக் குறுகித் தெரிய வேண்டும். தெரியவில்லை, நேருக்கு நேராக இருக்கிறது. அவர் பாதம் பின்சுவரை ஒட்டிய ஒரு மேடைமேல் நிற்கிறது. கைகளோ அறையின் முன்பக்கம் நிற்கும் சிலுவையைத் தாங்குகின்றன. அறையின் ஆழத்தைக் கணக்கிட்டால் அந்தக் கை அங்கே எட்டாது. ஒவ்வொரு கூரைக் கட்டத்தையும் நூல் பிடித்துப் போட்டவர், இந்த ஓர் உருவத்துக்கு மட்டும் நூல் பிடிக்கவில்லை.