ஆபரேஷன் இலவசம்தான், ஆனாலும் ஓடுகிறேன்

இந்த செப்டம்பரிலும் இங்கிலாந்தின் வடகிழக்கில் நடக்கும் 'கிரேட் நார்த் ரன்' என்ற நெடுந்தூர ஓட்டத்தில் ஓடுகிறேன். நியூகாசில் ஃப்ரீமேன் மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவுக்கு நிதி திரட்டும் 'சஃப்' அறக்கட்டளைக்காக. சேதியைச் சொன்னதும் ஊரிலிருந்து மாமா கேட்டார்: "அங்கதான் வைத்தியம் எல்லாம் இலவசமாச்சே, அப்புறம் எதுக்கு நீ ஓடிப் பணம் சேக்கணும்?"

நியாயமான கேள்வி. பணம் கேட்கும்போது இங்குள்ள நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

பிரிட்டனில் முதல்முறையாக ஒரு கைக்குழந்தைக்கு வெற்றிகரமாக இதயமாற்று நடந்தது ஃப்ரீமேனில்தான், 1987இல். இன்றைக்கும் இந்த நாட்டில் குழந்தைகளுக்கு இதயமாற்று செய்யும் இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று லண்டனில், இன்னொன்று இது. அதனால் ஸ்காட்லாந்திலிருந்தெல்லாம் குடும்பங்கள் இங்கே வருகின்றன. பொருத்தமான இதயம் கிடைக்கும்வரை சில குழந்தைகளை 'பெர்லின் ஹார்ட்' என்ற கருவி தாங்கிப் பிடிக்கிறது. பம்ப் உடம்புக்கு வெளியே இருக்கும், குழாய்கள் நெஞ்சுக்குள் போகும். அதோடு வீட்டுக்குப் போக முடியாது. மாதக்கணக்கில் வார்டிலேயே தவழ்ந்து, நடந்து, பேசக் கற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு.

கருவிக்கும் மருந்துக்கும் சர்ஜனுக்கும் அரசு பணம் தருகிறது. கிளாஸ்கோவில் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, சம்பளமில்லா விடுப்பில் இங்கும் அங்கும் அலையும் அப்பாவுக்கு யார் தருவது? வளாகத்திலேயே ஸ்காட் ஹவுஸ் என்று ஒரு தங்குமிடம் இருக்கிறது, பெற்றோர் காசு கொடுக்காமல் தங்கலாம். அதை நடத்துவதும் சிக் சில்ட்ரன்ஸ் டிரஸ்ட் என்ற இன்னொரு அறக்கட்டளைதான். வைத்தியம் இலவசம் என்றாலும், பிள்ளையின் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு குடும்பம் நிறைய விலை கொடுக்கிறது. நான் ஓடுவது அந்தச் செலவுக்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு அதைவிட முக்கியமானது. நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. பல ஓட்டைகள் தானாகவே மூடிவிடும். ஆனால் சில கோளாறுகள் ஏமாற்றும். கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை என்பதால் ரத்தம் அதைத் தாண்டிப் போக ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறந்து ஓரிரு நாளில் அது மூடத் தொடங்கும். சில குழந்தைகள் உயிரோடு இருப்பதே அந்தக் குழாயால்தான். அது மூடும்வரை குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிறகு திடீரென்று நிலைமை மோசமாகும். முன்பே தெரிந்தால் மருந்தேற்றி அந்தக் குழாயைத் திறந்தே வைத்திருந்து, ஆபரேஷன் செய்ய நேரம் வாங்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க உதவுவது கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். குழந்தைக்கென்றே உள்ள சென்சாரை வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்க்கிறார்கள். சில நிமிட வேலை, ஊசி இல்லை. எல்லாக் கோளாறையும் இது காட்டாது, ஆனால் உயிருக்கு ஆபத்தான பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் ஆறு பிரசவ மருத்துவமனைகளில் 20,055 குழந்தைகளிடம் இந்தச் சோதனையைச் செய்து பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு இதை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப் பரிந்துரைத்தார்கள். பிரிட்டனில் டைனி டிக்கர்ஸ் என்ற அறக்கட்டளை பிரசவ வார்டுகளுக்கு இந்தக் கருவியை வாங்கிக் கொடுக்கிறது. ஓட்டப் பணம் இப்படிப் போவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. நம்மைப் போன்ற மாநிறக் குழந்தைகளுக்கு இது இன்னும் அவசியம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிப்பது நம் தோலில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, உதட்டையும் நாக்கையும் பார்த்தால்தான் தெரியும்.

ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1981இல் ஓட்டவீரர் பிரெண்டன் ஃபாஸ்டர் தொடங்கியது. டைன் பாலத்தைத் தாண்டி சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரை வரை 21 கிலோமீட்டர். இப்போது சுமார் 60,000 பேர் ஓடுகிறார்கள். வழியெல்லாம் ஜனங்கள் வாசலில் நின்று ஆரஞ்சுச் சுளை நீட்டுவார்கள். வடகிழக்கு மக்களின் மனசு அப்படி.

தமிழ்நாட்டிலும் கணக்கு மெல்ல இதே பக்கம் வருகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் உண்டு. 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதிக்கிறார்கள். ஆனால் ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வந்து வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்கும் கூலித் தொழிலாளிக்குக் கூலி போகிறது, பேருந்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு, மறுபடி மறுபடி செக்கப்புக்கு வரும் செலவு. அதனால்தான் சென்னை, கோவை ஓட்டக் குழுக்களுக்குச் சொல்கிறேன்: "இத்தனை ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தோம்" என்று சொல்ல ஆசைப்படாதீர்கள். சிறு ஊர்களின் பிரசவ வார்டுக்கு ஆக்சிமீட்டர் வாங்கிக் கொடுங்கள், தங்குமிடத்துக்கு வாடகை கொடுங்கள். குழந்தையின் தழும்பைப் படமெடுத்து பேனரில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் கவனியுங்கள்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால், பாதியில் களைத்து மூச்சு வாங்கினால், எடை ஏறாவிட்டால், "சளிதான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரிட்டனில் வரி கட்டும் நண்பர்கள் பணம் போடும்போது 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் டிக் போடுங்கள். ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகப் போகும். ஊரில் இருப்பவர்கள் எனக்கு அனுப்ப வேண்டாம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் என்ன தேவை என்று கேட்டு, அதை வாங்கிக் கொடுங்கள். மாமாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.