பில்ஹார்சியா: ஒரு திருத்தம்

"விக்டோரியா ஏரிக்கரையில் பில்ஹார்சியா மாத்திரை ஒருமுறை கொடுத்துவிட்டார்கள், இனி தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பில்ஹார்சியா ஒருவகைப் புழுவால் வரும் நோய். அந்தப் புழு தோல் வழியாக நுழைவது. நன்னீர் நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழு, முழங்கால் தண்ணீரில் நின்று துணி துவைப்பவரின் காலைச் சில நிமிடங்களில் துளைத்துவிடும். வலை இழுப்பவர்களுக்கும், நீந்தும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். குடிதண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து என்ன பயன்?

அப்புறம் அந்த மாத்திரை. பிராசிகுவாண்டெல் வளர்ந்த புழுக்களைக் கொல்லும். புதிதாக நுழைந்த இளம்புழுக்களிடம் அதன் பலன் குறைவு. மறுபடி தொற்றுவதையும் தடுக்காது. அதனால்தான் அந்த ஏரியை ஒட்டிய உகாண்டாவில் 2003 முதல் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். தராசு இல்லாத பள்ளியில்கூட, கோடு போட்ட கம்பின் அருகே பிள்ளையை நிறுத்தி, உயரத்தை வைத்தே எத்தனை மாத்திரை என்று முடிவு செய்வார்கள். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் குமட்டல் குறையும்.

தொற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஊர்களில், 2 வயது முதல் எல்லாருக்கும் ஆண்டுதோறும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். தயவுசெய்து அந்த "ஒருமுறை" என்ற வார்த்தையைத் திருத்திவிடுங்கள்.